மீன் தோல் கழிவிலிருந்து கொலாஜன் பிரித்தெடுத்தல்: முழுமையான வழிகாட்டி

மீனைத் தோலுரித்துத் துண்டம் போடும் கூடங்களில் தலை, குடல், முள் ஆகியவற்றோடு தோலும் குப்பைக்கூடைக்கே போகிறது. அந்தத் தோலில் உள்ள புரதத்தின் பெரும்பகுதி, தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் இழைப்புரதமான கொலாஜனின் முதல் வகை. காயங்களை மூடும் கட்டுகள், பல் பிடுங்கிய குழியை நிரப்பும் பஞ்சுகள், செல்களை வளர்ப்பதற்கான தளங்கள் ஆகியவற்றுக்கு இது மூலப்பொருளாகிறது. இந்த வழிகாட்டி, எளிதில் கிடைக்கும் திலேப்பியா மீனின் தோலை எடுத்துக்கொண்டு, ஆய்வுக்கூட அளவில் 100 கிராம் தோலிலிருந்து கொலாஜனைப் பிரிக்கும் முறையை வரிசையாக விளக்குகிறது. மீன்வளம், உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்களையும், இத்துறையில் சிறு அளவில் சோதனை செய்ய விரும்புவோரையும் மனத்தில் வைத்து இது எழுதப்பட்டுள்ளது.

எல்லாப் படிகளுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. கொலாஜனின் மருத்துவப் பயன், மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி நிற்கும் முச்சுருள் அமைப்பைச் சார்ந்தது. சூடு பட்டால் அந்தச் சுருள் அவிழ்ந்துவிடும். பிறகு குளிர வைத்தாலும் பழைய ஒழுங்குக்கு முழுமையாகத் திரும்பாது. ஆகவே, மீன் வெட்டும் மேசையிலிருந்து உலர்த்தும் கருவி வரை குளிர்ச்சி அறுபடக் கூடாது.

1. எது வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்தல்

மீன் தோலிலிருந்து மூன்று வெவ்வேறு பொருள்கள் கிடைக்கின்றன. முச்சுருள் குலையாமல் எடுத்தால் கொலாஜன். வெந்நீரில் கரைத்து எடுத்தால் ஜெலட்டின். நொதிகளால் சிறு துண்டுகளாக வெட்டினால் கொலாஜன் பெப்டைடு. பானங்களில் கலக்கும் தூளாக விற்கப்படுவது பெரும்பாலும் மூன்றாவது வகை.

பெப்டைடுதான் நோக்கம் என்றால் கீழே சொல்லப்படும் குளிர்ப்பதன ஏற்பாடுகள் பெரும்பாலும் வீண் செலவு. காயக் கட்டோ செல் வளர்ப்புத் தளமோ நோக்கம் என்றால், அவற்றில் எதையும் குறைக்க முடியாது. இந்த முடிவை எடுக்காமல் தொடங்குபவர்கள் பாதி வழியில் வெப்பநிலையைத் தளர்த்திவிட்டு, கடைசியில் கிடைத்தது ஜெலட்டின் என்பதைச் சோதனை முடிவில்தான் அறிகிறார்கள்.

2. தொடங்குமுன் தயாராக இருக்க வேண்டியவை

கருவிகள்: 4 டிகிரி செல்சியஸில் நிற்கும் குளிர் அறை அல்லது உள்ளே கலக்கி வைக்க இடமுள்ள பெரிய குளிர்பெட்டி, குளிரூட்டும் வசதியுள்ள மையவிலக்கி, மெதுவாகச் சுழலும் கலக்கி, அமில, காரத் தன்மையை அளக்கும் பிஎச் மீட்டர், 12 முதல் 14 கிலோடால்டன் வெட்டெல்லை கொண்ட (அதைவிடச் சிறிய மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும்) டயாலிசிஸ் பை, உறைய வைத்து உலர்த்தும் லயோபிலைசர்.

வேதிப்பொருள்கள்: சோடியம் ஹைட்ராக்சைடு, பியூட்டைல் ஆல்கஹால், செறிந்த அசெட்டிக் அமிலம், ஆய்வுக்கூடத் தரச் சோடியம் குளோரைடு, காய்ச்சி வடித்த நீர், தேவையானால் பெப்சின் என்னும் புரதம் வெட்டும் நொதி.

கரைசல்கள் அனைத்தையும் முதல் நாளே தயாரித்து 4 டிகிரிக்குக் குளிர வைக்க வேண்டும். சோடியம் ஹைட்ராக்சைடு நீரில் கரையும்போது வெப்பம் வெளிப்படும். அன்றே கலக்கி அன்றே தோலை இடுபவர்கள் முதல் படியிலேயே தோலை வெதுவெதுப்பான காரத்தில் போட்டுவிடுகிறார்கள். எப்போதும் நீரில்தான் காரத்தை இட வேண்டும். காரத்தின் மேல் நீரை ஊற்றக் கூடாது. செறிந்த அமிலத்தையும் பியூட்டைல் ஆல்கஹாலையும் புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்தே அளக்க வேண்டும்.

மின்தடைக்கு மாற்று ஏற்பாடு அவசியம். இந்த வேலை பல நாள் தொடர்ந்து நடப்பது; கோடையில் ஆய்வுக்கூடத்தின் சூடு 35 டிகிரியைத் தாண்டும் ஊர்களில், நள்ளிரவில் இரண்டு மணி நேரம் மின்சாரம் இல்லாமல் போனாலும் முழுத் தொகுதியும் பயனற்றுப் போகலாம். ஜெனரேட்டர் இணைப்பு இல்லாத இடங்களில், ஐஸ் நிரப்பிய தெர்மாகோல் பெட்டிக்குள் பாத்திரத்தை வைத்து, அந்தப் பெட்டியையே குளிர்பெட்டிக்குள் வைப்பது நல்ல பாதுகாப்பு.

3. தோலைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவருதல்

புதியவர்கள் மிகக் குறைவாகக் கவனிக்கும் படி இதுதான். இங்கே விளையும் கெடுதியைப் பின்னால் எந்த வேதிப்பொருளாலும் சரிசெய்ய முடியாது.

ஒரே இன மீனின் தோலை மட்டும் சேகரிக்க வேண்டும். கொலாஜன் எந்த வெப்பநிலையில் அவிழ்கிறது என்பது, அதிலுள்ள புரோலின், ஹைட்ராக்சிபுரோலின் அமினோ அமிலங்களின் அளவைப் பொறுத்தது. அந்த அளவு, மீன் வாழும் நீரின் வெப்பத்தோடு சேர்ந்து மாறுகிறது. குளிர்க்கடல் மீனான காட் மீனின் கொலாஜன் 15 டிகிரியை ஒட்டியே அவிழத் தொடங்க, வெப்பநீர் மீனான திலேப்பியாவினுடையது 30 டிகிரிக்கு மேலும் தாங்குகிறது. நம் நீர்நிலைகளின் மீன்கள் இந்த வேலைக்கு ஏற்றவையாக இருப்பதற்குக் காரணமும் இதுவே. இனங்கள் கலந்தால், எந்த வெப்பநிலை பாதுகாப்பானது என்றே சொல்ல முடியாத கலவை கிடைக்கும். கடற்கரை ஊர்களில், சந்தையிலேயே தோலுரித்து விற்கப்படும் கிளாத்தி மீனின் தடித்த தோலும் நல்ல மூலப்பொருள்; ஆனால் அதைத் தனித் தொகுதியாகவே நடத்த வேண்டும்.

வெட்டியவுடன் தோலை ஐஸில் இட வேண்டும். தோலிலேயே உள்ள புரதம் சிதைக்கும் நொதிகளும், மேற்பரப்பில் பெருகும் பாக்டீரியாக்களும் உடனே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. நேரடியாக ஐஸ் மேல் போடாமல் நெகிழிப் பையில் கட்டி, பைக்கு மேலும் கீழும் ஐஸ் இட்டால் உருகும் நீரில் தோல் ஊறாது. அன்றே வேலை தொடங்க முடியாவிட்டால், தட்டையான சிறு பொட்டலங்களாகக் கட்டி, கழித்தல் 20 டிகிரியில் உறைய வைக்கவும். பெரிய கட்டியாக உறைய வைத்தால் நடுப்பகுதி குளிர நெடுநேரம் ஆகும். உருக்கும்போதும் வெளிப்பகுதி முதலில் சூடேறிவிடும்.

மூன்று வகைத் தோல்களைத் தவிர்க்க வேண்டும். முதலாவது, செதில் எளிதாக உதிர வேண்டும் என்பதற்காக வெந்நீரில் முக்கப்பட்ட தோல். அது ஏற்கெனவே ஓரளவு ஜெலட்டினாகியிருக்கும். இரண்டாவது, குளோரின் கூடுதலாகக் கலந்த நீரில் நீண்ட நேரம் கிடந்த தோல். குளோரின் புரதச் சங்கிலிகளை ஆக்சிஜனேற்றம் செய்யும். மூன்றாவது, ஃபார்மலின் தெளிக்கப்பட்ட மீனின் தோல். ஃபார்மலின் கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுவதால், அந்தத் தோல் அமிலத்தில் எத்தனை நாள் ஊறினாலும் கரையாது. மீன் வாங்கும் இடத்தில் ஃபார்மலினைக் கண்டறியும் சோதனைத் தாளைப் பயன்படுத்திவிட்டால், பிறகு “ஏன் கரையவில்லை” என்று தேட வேண்டியிருக்காது.

4. சுத்தம் செய்தல், வெட்டுதல், எடையிடல்

ஐஸ்தட்டின் மேல் தோலை விரித்து, ஒட்டியுள்ள தசையையும் மிச்சச் செதிலையும் மழுங்கிய கத்தியால் சுரண்டி எடுக்கவும். பிறகு குளிர்நீரில் அலசி, அரை சென்டிமீட்டர் அளவுள்ள சதுரங்களாகக் கத்தரிக்கவும். சிறு துண்டுகளில் கரைசல்கள் விரைவாக ஊடுருவும். மிக்சியில் அரைப்பது கூடாது. அலகின் உராய்வுச் சூடே சுருளை அவிழ்க்கப் போதுமானது.

100 கிராம் ஈரத்தோலை எடுத்துக்கொள்ளும்போதே, தனியாகச் சில கிராம் துண்டுகளை 105 டிகிரியில் எடை மாறாத நிலை வரை உலர்த்தி, ஈரப்பதத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஈரத்தோலின் எடையில் பாதிக்கும் மேல் நீரே. விளைச்சலை உலர் எடையின் அடிப்படையில் கணக்கிடாவிட்டால், இந்தத் தொகுதியையும் அடுத்த தொகுதியையும் ஒப்பிடவே முடியாது.

தோலுக்குப் பதிலாகச் செதிலைப் பயன்படுத்துவோர் இங்கே ஒரு படியைக் கூட்ட வேண்டும். செதிலில் கால்சியம் பாஸ்பேட் நிறைந்திருப்பதால், 5ஆம் படியில் சொல்லப்படும் கார ஊறலை முடித்த பிறகு, பிஎச் 7.5இல் உள்ள 0.5 மோலார் ஈடிடிஏ (கால்சியத்தைப் பிடித்து வெளியேற்றும் வேதிப்பொருள்) கரைசலில் ஒன்றிரண்டு நாள் ஊறவைத்துச் சுண்ணத்தை நீக்கினால்தான் அமிலம் கொலாஜனை எட்டும்.

5. காரக் கரைசலில் ஊறவைத்தல்

ஒரு லிட்டர் நீரில் 4 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு கரைத்தால் 0.1 மோலார் கரைசல் கிடைக்கும். 100 கிராம் தோலுக்கு ஒரு லிட்டர் கரைசல் வீதம் இட்டு, 4 டிகிரியில் மெதுவாகக் கலக்கியபடி 24 மணி நேரம் வைக்கவும். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கரைசலை மாற்ற வேண்டும்.

கொலாஜன் அல்லாத புரதங்களும் நிறமிகளும் இந்தப் படியில் வெளியேறுகின்றன. முதல் முறை வடிக்கும் நீர் கலங்கலாக இருக்கும். மூன்றாவது முறை ஏறத்தாழத் தெளிந்திருக்கும். அப்போதும் கலங்கல் மிகுதியாக இருந்தால் இன்னொரு முறை மாற்றலாமே தவிர, காரத்தின் செறிவைக் கூட்டக் கூடாது. 0.2 மோலாரைத் தாண்டினால் கொலாஜனே கரைந்து வெளியேறத் தொடங்கும். வடிநீரோடு அது போய்விடுவது கண்ணுக்குத் தெரியாது.

முடிவில், கழுவும் நீரின் பிஎச் 7ஐ ஒட்டி வரும் வரை குளிர்ந்த நீரில் அலச வேண்டும். தோலுக்குள் தங்கும் காரம், பின்னர் இடப்போகும் அமிலத்தைச் செயலிழக்கச் செய்யும். கழுவிய நீரின் பிஎச் சரியாக இருந்தாலும் துண்டுகளின் உள்ளே காரம் தங்கியிருக்கக்கூடும் என்பதால், புதிய நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு மீண்டும் பிஎச் பார்ப்பது நம்பகமானது.

6. கொழுப்பு நீக்கம்

10 விழுக்காடு பியூட்டைல் ஆல்கஹால் கலந்த நீரில், முந்தைய அதே விகிதத்தில், 4 டிகிரியில் 24 மணி நேரம் ஊறவைத்து, இடையில் இரண்டு முறை கரைசலை மாற்றவும். ஆல்கஹால் மேலே படலமாகப் பிரிந்து நிற்காதபடி கலக்கி தொடர்ந்து சுழல வேண்டும். பிறகு வாசனை போகும் வரை குளிர்நீரில் அலசவும்.

மீன் கொழுப்பு எளிதில் சிக்கெடுப்பது. அது மிஞ்சினால் கொலாஜன் மஞ்சளாகி வீச்சமடிக்கும். இறுதிப் பொருளில் வீச்சம் வந்துவிட்டால் இந்தப் படியைத்தான் சந்தேகிக்க வேண்டும். இதைக் கார ஊறலுக்கு முன் செய்வோரும் உண்டு. காரம் புரதப் படலத்தை நீக்கித் தோலைத் தளர்த்திய பிறகு கொழுப்பு எளிதாக வெளியேறுவதால், இங்கே சொன்ன வரிசையே எனக்கு ஏற்புடையது. பயன்படுத்திய கரைசலைக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றாமல், எளிதில் தீப்பற்றும் கரைப்பான்களுக்கான கலனில் சேர்க்கவும்.

7. அமிலத்தில் கரைத்தல்

செறிந்த அசெட்டிக் அமிலம் ஏறத்தாழ 29 மில்லியை நீரில் கலந்து ஒரு லிட்டராக்கினால் 0.5 மோலார் கரைசல். 100 கிராம் தோலுக்கு மூன்று லிட்டர் தேவை. 4 டிகிரியில் இரண்டு முதல் மூன்று நாள் மெதுவாகக் கலக்கியபடி வைக்கவும்.

சில மணி நேரத்தில் துண்டுகள் ஊதிப் பெருத்து, ஓரங்கள் மங்கி, நுங்குச் சுளை போல ஒளி ஊடுருவும் நிலைக்கு வரும். கரைசல் கெட்டியாகி, கலக்கியின் சுழற்சி தானாகவே தளரும். இது நல்ல அறிகுறி. முதல் நாள் முடிந்தும் துண்டுகள் வெள்ளையாக, விளிம்பு கூர்மையாக, ஊதாமல் இருந்தால், பிஎச்சைப் பார்க்கவும்; 3ஐ ஒட்டி இல்லாவிட்டால் உள்ளே காரம் மிஞ்சியிருக்கிறது என்று பொருள். பிஎச் சரியாக இருந்தும் ஊதவில்லை என்றால், மீனில் ஃபார்மலின் இருந்திருக்கலாம்.

அமிலத்தின் அளவைக் குறைத்துச் செலவை மிச்சப்படுத்த முயல்வது பரவலான தவறு. பத்து மடங்கு அமிலத்தில் கரைசல் கூழாகிவிடும்; வடிகட்டவும் முடியாது, கொலாஜன் துண்டுகளை விட்டு வெளியே வரவும் இடமிருக்காது. இன்னொரு தவறு, கெட்டியாகிறதே என்று கலக்கியின் வேகத்தைக் கூட்டுவது. வேகம் கூடினால் நுரை எழும். காற்றும் நீரும் சந்திக்கும் நுரைப்படலத்தில் புரதம் இயல்பிழக்கும். காந்தக் கலக்கியின் தட்டும் நீண்ட நேரம் ஓடினால் சூடேறும் என்பதால், பாத்திரத்தின் அடியில் தெர்மாகோல் தட்டு வைத்து, பாத்திரத்துக்குள்ளேயே வெப்பமானியை இட்டுக் கவனிக்க வேண்டும். குளிர்பெட்டியின் முகப்பில் தெரியும் எண்ணை நம்ப வேண்டாம்.

பிஎச் மீட்டரின் கண்ணாடி முனையில் கொலாஜன் படிந்து, அளவீடு மெல்ல விலகத் தொடங்கும். பயன்படுத்திய ஒவ்வொரு முறையும், பெப்சின் கலந்த நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முனையை ஊறவைத்துக் கழுவினால் கருவி நெடுநாள் உழைக்கும்.

இரண்டு மடிப்பு மெல்லிய பருத்தித் துணியில் கரைசலை வடிகட்டவும். துணியைப் பிழியக் கூடாது. பிழிந்தால் கரையாத கூழும் சேர்ந்து வரும். வடிநீரை, புவியீர்ப்பைப் போலப் பத்தாயிரம் மடங்கு விசையில், 4 டிகிரியில் அரை மணி நேரம் மையவிலக்கித் தெளிந்த கரைசலை எடுத்துக்கொள்ளவும். மையவிலக்கியின் சுழலியை முன்கூட்டியே குளிர வைப்பது முக்கியம்.

8. எஞ்சிய தோலுக்குப் பெப்சின்

துணியில் தங்கிய எச்சத்தில் இன்னும் கொலாஜன் இருக்கும். சங்கிலிகளின் இரு முனைகளிலும் உள்ள குறுக்குப் பிணைப்புகள் அதைக் கரையவிடாமல் பிடித்திருக்கின்றன. எச்சத்தை மீண்டும் 0.5 மோலார் அசெட்டிக் அமிலத்தில் இட்டு, அதன் உலர் எடையில் ஒரு விழுக்காடு பெப்சின் சேர்த்து, 4 டிகிரியில் இரண்டு நாள் கலக்கினால், பெப்சின் அந்த முனைகளை மட்டும் நறுக்கும். முச்சுருள் பகுதியைத் தொடாது. நோயெதிர்ப்பைத் தூண்டக்கூடியவை அந்த முனைப் பகுதிகளே என்பதால், மருத்துவ நோக்கில் இவ்வழியில் கிடைக்கும் கொலாஜனுக்குத் தனி மதிப்புண்டு.

வேலை முடிந்ததும் நொதியை நிறுத்த வேண்டும். பாத்திரத்தை ஐஸில் வைத்து, குளிர்ந்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, பிஎச்சை 8க்குக் கொண்டுவந்தால் பெப்சின் நிரந்தரமாகச் செயலிழக்கும். இதைத் தவிர்த்துவிட்டால், உலர்ந்த கொலாஜனை மறுபடி அமிலத்தில் கரைக்கும் நாளில் பெப்சின் மீண்டும் வேலையைத் தொடங்கும்.

கடைகளில் கிடைக்கும் பெப்சின் பெரும்பாலும் பன்றியின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. மாட்டுக் கொலாஜனையும் பன்றிக் கொலாஜனையும் சமய நோக்கில் தவிர்ப்போருக்காக மீன் கொலாஜனைத் தயாரிக்கிறோம் என்றால், இந்த உண்மையை மறைக்காமல் குறிப்பிட வேண்டும்; அல்லது அமிலத்தில் கரைந்த பகுதியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இரண்டு வழியில் கிடைத்த கரைசல்களையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம்.

9. உப்பிட்டு வீழ்படிவாக்குதல்

7ஆம் படியில் தெளிந்த அமிலக் கரைசலில், லிட்டருக்கு 53 கிராம் வீதம் பொடித்த சோடியம் குளோரைடைச் சேர்த்தால், 0.9 மோலாரில் கொலாஜன் வீழ்படிவாகும். உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவி, ஒவ்வொன்றும் கரைந்த பிறகே அடுத்ததை இட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால், உப்புக்கட்டியைச் சுற்றிக் கொலாஜன் உறைந்து, உள்ளே அசுத்தத்தையும் சேர்த்துப் பூட்டிக்கொள்ளும். சமையல் உப்பில் அயோடினும் கட்டிதட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொருள்களும் உள்ளதால் அது உதவாது.

வெண்ணிற இழைகள் முதலில் பாத்திரத்தின் ஓரத்தில் தோன்றி, பிறகு கரைசல் முழுவதும் பரவும். இரவு முழுவதும் 4 டிகிரியில் வைத்து, மையவிலக்கி எடுத்து, இயன்ற அளவு குறைந்த 0.5 மோலார் அசெட்டிக் அமிலத்தில் மீண்டும் கரைத்து, இன்னொரு முறை உப்பிட வேண்டும். சிதைந்த சிறு பெப்டைடுகள் உப்புநீரிலேயே தங்கிவிடுவதால், தூய்மை பெரிதும் கூடுவது இந்த இரண்டாம் முறையில்தான். விளைச்சல் குறைகிறதே என்று இதை விட்டுவிடுவோர், குறைந்தது பெரும்பாலும் கொலாஜன் அல்ல, அசுத்தமே என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பெப்சின் வழிக் கரைசலுக்கும் முறை இதுவே. நடுநிலைப் பிஎச்சில் கொலாஜன் ஓரளவு தானாகவே படியும். அதை மையவிலக்கி எடுத்து, அமிலத்தில் கரைத்து, பிறகு உப்பிடலாம்.

10. டயாலிசிஸ்

வீழ்படிவை அமிலத்தில் கரைத்து, டயாலிசிஸ் பையில் பாதிக்குச் சற்று மேல் மட்டும் நிரப்பிக் கட்டவும். பைக்குள் நீர் புகும் என்பதால் முழுதாக நிரப்பிய பை வெடித்துவிடும். முதல் நாள் 0.1 மோலார் அசெட்டிக் அமிலத்திலும், அடுத்த இரண்டு நாள் காய்ச்சி வடித்த குளிர்நீரிலும், கரைசலைப் போல இருபது மடங்கு அளவில் வைத்து, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றவும்.

வெளிநீரில் சில சொட்டு வெள்ளி நைட்ரேட் விட்டால், வெண்கலங்கல் தோன்றும் வரை உப்பு மிச்சமுள்ளது என்று பொருள். கடைசி நாளில் பைக்குள் இருப்பது வெண்மையாகக் கட்டிப்படுவதைக் கண்டு பதற வேண்டாம். அமிலம் வெளியேறியதும் கொலாஜன் இழைகளாகச் சேர்வது இயல்பே.

11. உலர்த்தல்

தட்டில் ஒரு சென்டிமீட்டருக்கு மேற்படாத தடிமனில் ஊற்றி, நன்கு உறைந்த பிறகு லயோபிலைசரில் வைக்கவும். உறையாத பகுதி இருந்தால் வெற்றிடத்தில் நுரைத்துச் சுருங்கும். சூட்டடுப்பிலோ வெயிலிலோ உலர்த்தினால் இதுவரை செய்த வேலை அனைத்தும் வீண். கிடைக்கும் வெண்பஞ்சு காற்றின் ஈரத்தை விரைந்து உறிஞ்சுவதால், உடனே எடையிட்டு, ஈரம் புகாத பையில் அடைத்து, குளிர்பெட்டியில் வைக்கவும்.

12. கிடைத்தது கொலாஜன்தானா என்று சோதித்தல்

புரதச் சங்கிலிகளை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் எஸ்டிஎஸ்-பேஜ் சோதனையில், ஆல்பா 1, ஆல்பா 2 என்னும் இரண்டு பட்டைகளும், அவற்றுக்கு மேலே, இரண்டு சங்கிலிகள் பிணைந்த பீட்டா பட்டையும் தெரிய வேண்டும். ஆல்பா 1 ஏறத்தாழ இரு மடங்கு அடர்த்தியாக இருக்கும். கொலாஜன் மெதுவாக ஓடுவதால், எடை தெரிந்த குறியீட்டுப் புரதங்களோடு ஒப்பிடும்போது உண்மை எடையைவிடக் கூடுதலாகக் காட்டும். கீழே இழுபட்ட கறை தெரிந்தால் சங்கிலிகள் சிதைந்துள்ளன.

அழகான பட்டைகளைப் பார்த்துவிட்டு, முச்சுருள் காக்கப்பட்டது என்று முடிவு செய்வதே நான் மிகுதியாகக் காணும் பிழை. இச்சோதனைக்கு மாதிரியைக் கொதிக்க வைக்கிறோம். சுருள் அங்கேயே அவிழ்ந்துவிடுகிறது. நல்ல ஜெலட்டினும் இதே பட்டைகளைத் தரக்கூடும். சுருளைப் பார்க்க, வட்டமுனைவாக்கிய ஒளியைப் பொருள் உறிஞ்சும் விதத்தை அளக்கும் வட்ட இருநிறவியல் (சர்க்குலர் டைக்ராயிசம்) சோதனை வேண்டும்: 221 நானோமீட்டரை ஒட்டி நேர்முகடும், 197ஐ ஒட்டி எதிர்முகடும் இருக்க வேண்டும். அந்த வசதி இல்லாத இடத்தில், நீர்த்த அமிலக் கரைசலை மெல்லச் சூடாக்கி, ஆஸ்ட்வால்ட் பாகுநிலைமானியில் அளந்து வரலாம். முச்சுருள் உள்ள கரைசலின் பாகுநிலை ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் திடீரெனச் சரியும். தொடக்கத்திலிருந்தே தாழ்ந்திருந்து, சரிவே இல்லாவிட்டால் கையிலிருப்பது ஜெலட்டின்.

புற ஊதா ஒளியில், 220 முதல் 230 நானோமீட்டரில் உறிஞ்சுதல் கூடியும் 280இல் மிகக் குறைந்தும் இருக்க வேண்டும். கொலாஜனில் டிரிப்டோஃபான் இல்லை, டைரோசினும் குறைவு. 280இல் மேடு எழுந்தால் கார ஊறல் போதவில்லை. ஹைட்ராக்சிபுரோலின் அளவிலிருந்து கொலாஜனைக் கணக்கிடும்போது, பாலூட்டிகளுக்கான பெருக்கெண்ணைப் பயன்படுத்தக் கூடாது. மீனில் ஹைட்ராக்சிபுரோலின் குறைவு என்பதால் கொலாஜன் உண்மையைவிடக் குறைவாகத் தோன்றும்.

13. மருத்துவப் பயனுக்கு முன் கடக்க வேண்டியவை

இதுவரை கிடைத்தது ஆய்வுப்பொருள் மட்டுமே. இதை யாருடைய புண்ணிலும் வைக்கக் கூடாது. மீன் ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்கு மீன் கொலாஜனும் ஒவ்வாமையைத் தூண்டும் என்பது தனியாகக் கவனிக்க வேண்டிய ஆபத்து.

உடலின் வெப்பம் 37 டிகிரி. திலேப்பியாக் கொலாஜனும் அதற்குக் கீழேயே அவிழத் தொடங்கும். எனவே உடலில் வைக்கும் பஞ்சாக்க, சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்பு ஏற்படுத்த வேண்டும். குளுட்டரால்டிஹைடு மலிவானது, ஆனால் அதன் மிச்சம் செல்களுக்கு நஞ்சு. கார்போடைஇமைடு வகைப் பொருள்களில் இந்தச் சிக்கல் குறைவு.

கிருமிநீக்கத்துக்கு, உயரழுத்த நீராவியால் சூடாக்கும் ஆட்டோகிளேவ் உதவாது. அது கொலாஜனை ஜெலட்டினாக்கிவிடும். மருத்துவப் பொருள்களுக்கு வழக்கமாகத் தரப்படும் 25 கிலோகிரே காமாக் கதிரும் சங்கிலிகளை ஓரளவு அறுக்கிறது. நீர்த்த அமிலக் கரைசலை 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் செலுத்துவதும், எத்திலீன் ஆக்சைடு வாயுவும் நடைமுறையில் உள்ள மாற்றுகள். வாயுவைப் பயன்படுத்தினால் அதன் மிச்சத்தை அளந்து நீக்க வேண்டும்.

பாக்டீரியாக்களின் உறையிலிருந்து வரும் எண்டோடாக்சினே இங்கே கடினமான தடை. கிருமிகள் இறந்த பின்பும் அது அப்படியே நிற்கும். உடலில் காய்ச்சலையும் அழற்சியையும் தூண்டும். கடைசிக் கட்டத்தில் அதை நீக்குவது பெரும்பாடு என்பதால், சேகரித்த முதல் மணியில் இட்ட ஐஸும், பயன்படுத்திய நீரின் தூய்மையுமே பெரும்பாலும் இதன் அளவைத் தீர்மானிக்கின்றன. பாதரசம், காட்மியம், ஈயம், ஆர்செனிக் ஆகியவற்றின் அளவையும் ஒவ்வொரு தொகுதியிலும் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் கொலாஜன் காயக் கட்டு, மருத்துவக் கருவிகள் விதிகள், 2017இன் கீழ் வருகிறது. பொருள் உடலோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் சோதனைகளுக்கு ஐஎஸ்ஓ 10993 தரநிலைத் தொடரும், விலங்குத் திசுக்களிலிருந்து பெற்ற பொருள்களுக்கு ஐஎஸ்ஓ 22442 தரநிலைத் தொடரும் வழிகாட்டுகின்றன. பிந்தையது மூலப்பொருள் எங்கிருந்து, எப்படி வந்தது என்ற பதிவைக் கேட்கிறது. ஆகவே மீனின் இனம், வாங்கிய இடம், வெட்டிய நேரம், ஐஸில் இட்ட நேரம், ஒவ்வொரு படியிலும் பாத்திரத்துக்குள் இருந்த வெப்பநிலை ஆகியவற்றை முதல் தொகுதியிலிருந்தே நோட்டில் எழுதி, அத்தொகுதியின் தோலிலும் உலர்ந்த கொலாஜனிலும் சிறு மாதிரியை எண்ணிட்டு உறைநிலையில் ஒதுக்கி வைக்க வேண்டும்.